எட்டாம் நம்பருக்கு ஆள் இல்லை

ஊர்காவற்றுறையில் டொக்டர் சறோஜினிதேவியின் டிஸ்பென்சரியில் ஏழாம் நம்பர் உள்ளே போய் வெளியே வந்தால் அடுத்தது ஒன்பது. புதிதாக வருகிறவர்கள்தான் "எட்டு எங்கை?" என்று கேட்பார்கள். கேட்டவர்களிடமே அந்த நம்பரை நீட்டிப் பார்த்தால், "ஐயோ எட்டு வேண்டாம் தங்கச்சி, கடைசி நம்பர் எண்டாலும் பரவாயில்லை, இருந்து காட்டிப்போட்டுப் போறன்" என்று பின்வாங்குவார்கள். எட்டு சனியனுடைய எண்ணாம். சைவக்காரர் சொல்லிவைத்ததை வேதக்காரரும் விடாமல் பிடித்துக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பூசை தவறாத மரியநாயகி அக்காகூட எட்டு என்றதும் நெஞ்சில் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு ஒன்பதுக்குத் தாவிவிடுவார்.

டொக்டருக்கு முதலில் எரிச்சல். "நோய் வருத்தத்துக்கு நம்பர் தெரியுமோ?" என்று இரண்டொருதரம் சத்தம் போட்டும் பார்த்தார். அரசாங்க ஆஸ்பத்திரிகளில் வேலை செய்து ஓய்வுபெற்று, தகப்பனார் விட்டுப்போன வீட்டின் முன்பக்கத்தில் டிஸ்பென்சரி திறந்த மனுஷி அவர். எந்தச் சண்டையில் வெல்ல முடியாது என்பது அவருக்குத் தெரியும். எட்டை விட்டுக்கொடுத்தார். ஆனால் சும்மா விட்டுக்கொடுக்கவில்லை, அந்த நேரத்தைத் தன்னுடைய தேத்தண்ணிக்கு எடுத்துக்கொண்டார். ஏழாம் நம்பர் வெளியே வரும், உதவிக்கு நிற்கிற ஜெனீற்றா தேத்தண்ணியோடு உள்ளே போவாள், டொக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு ஜன்னலால் தெரிகிற கடலைப் பார்த்துக்கொண்டு குடிப்பார். குடித்து முடியும்வரை ஜெனீற்றாவும் அங்கேயே நிற்பாள். வெளியே ஒன்பதாம் நம்பர் செருமிக் காட்டும்.

நம்பர் கொடுப்பது ஜெனீற்றாதான். விறாந்தையில் ஒரு மேசை, ஒரு கதிரை, ஒரு கைத்தொலைபேசி, நோயாளர் வரிசையாக இருக்க நீள வாங்குகள். அனலைதீவுப் படகில் வருகிறவர்களுக்கு முன் நம்பர்கள். படகு திரும்பிவிட்டால் அந்தச் சனம் கரையில் நிற்கவேண்டியதுதான். தொழிலுக்குப் போன கடற்காரருக்குப் பின் நம்பர்கள். மணிக்கூட்டைப் பார்த்து நேரம் கொடுப்பதெல்லாம் இங்கே செல்லாது. காற்று எழும்பினால் மணிக்கூடு என்ன செய்யும்?

இன்னொரு வழக்கமும் உண்டு. இந்தத் தீவுகளில் ஒருவரும் தனக்குத் தானே நம்பர் எடுக்கமாட்டார்கள். 'எனக்கு ஏலாமல் கிடக்கு' என்று தன் வாயால் சொல்வது வருத்தத்தை வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதுபோல. மனைவிக்குக் கணவன் எடுப்பான், மாமிக்கு மருமகள் எடுப்பாள், தாய்க்கு ரொறன்ரோவில் இருக்கிற பிள்ளை எடுக்கும். புங்குடுதீவில் தனியே இருக்கிற முருகேசு ஐயா நேரில் வந்து ஜெனீற்றாவின் மேசைக்கு முன்னாலேயே நிற்பார். நம்பர் கேட்கமாட்டார். "மகள் எடுப்பாள்" என்று சொல்லிவிட்டு வாங்கில் போய் இருப்பார். கொஞ்ச நேரத்தில் பாரிசிலிருந்து, விடியமுன் எழும்பி, அவருடைய மகள் கம்சிகா தொலைபேசியில் எடுப்பாள். "அப்பாவுக்கு ஒரு நம்பர் வேணும் அக்கா. எட்டு வேண்டாம்." எட்டு பாரிஸ்வரை போயிருக்கிறது, பாருங்கள்.

எடுக்கிறவர்களிடம் ஜெனீற்றா வரிசையாகக் கேட்பாள். பேர்? வயது? என்ன வருத்தம்? எவ்வளவு நாளா? கேட்கும்போது அவளுடைய குரல் தன்பாட்டில் தணிந்துவிடும். வீட்டில் கோழியைத் துரத்துகிற குரல் வேறு, இது வேறு. அவளோடு கதைத்து முடித்ததும் பாதி வருத்தம் போய்விட்டது என்று சொல்லி, மிச்சப் பாதிக்கு வராமல் விட்டவர்களும் இருக்கிறார்கள்.

ஜெனீற்றாவுக்கு நம்பர் எடுக்கத்தான் ஆள் இல்லை. ஆருக்கும் தெரிந்தால்தானே எடுப்பார்கள்! அவளுடைய வயிற்றில் ஒரு பிள்ளை இருந்தது, அது உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

இது மூன்றாம் முறை. முதல்முறை கோயிலில் நேர்த்தி வைத்து, தன் ஊரான மெலிஞ்சிமுனை முழுவதற்கும் சொல்லி, அக்கம்பக்கத்துக்குப் பலகாரமும் கொடுத்தாள். அந்தக் கரு நிற்கவில்லை. இரண்டாம் முறை டொக்டருக்கும் கணவன் கிறிஸ்ரிக்கும் மட்டும் சொன்னாள். அதுவும் நிற்கவில்லை. அப்போது டொக்டர் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு, "அடுத்தமுறை நாள் தள்ளினவுடனே என்னட்டை வாரும். மருந்து இருக்கு, ஊசி இருக்கு. பிந்தினால் என்னாலை ஒண்டும் செய்யேலாது" என்று சொல்லியிருந்தார். ஜெனீற்றா தலையை ஆட்டினாள். ஆனால் அவளுடைய மனம் வேறொரு கணக்கைப் போட்டு வைத்திருந்தது: ஊருக்குச் சொன்னாள், போய்விட்டது; இரண்டு பேருக்குச் சொன்னாள், அதுவும் போய்விட்டது. இந்த முறை ஒருவருக்கும் சொல்லாவிட்டால் நிற்கும். விசர்க் கணக்கு என்று அவளுக்கே தெரியும். தெரிந்தும் அதை விட முடியவில்லை, அவ்வளவு பயம்.

அது சோளகக் காலம். தென்மேற்கிலிருந்து காற்று பகல் முழுவதும் ஒரே சீராக ஊதிக்கொண்டிருக்கும். வேலியோரத்துப் பனைகள் ஓயாமல் சலசலக்கும், கடல் வெள்ளை வெள்ளையாக நுரைக்கும், விறாந்தையில் சுவர்க் கலண்டரின் தாள்கள் தாமாகப் புரண்டு வராத மாதங்களையெல்லாம் காட்டிவிட்டுத் திரும்பி வரும். அந்தச் சத்தத்துக்குள் ஜெனீற்றாவுக்கு நித்திரை நித்திரையாக வந்தது. நம்பர் எழுதிக்கொண்டிருக்கும்போதே எழுத்து கரைந்து போகும். கதைக்கிறவர்களின் குரல்கள் ரொறன்ரோவிலிருந்தும் பாரிசிலிருந்தும் நெடுந்தீவிலிருந்தும் ஒரே தூரத்திலிருந்து வருவதுபோல வரும். எல்லாருடைய வருத்தங்களும் அவளுடைய காது வழியாக உள்ளே போய், அடியில் எங்கேயோ படுத்திருக்கிற ஒன்றைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போயின. அவள் அவற்றைப் போகவிட்டாள். சந்தோஷமாகத்தான் இருந்தாள். அந்தச் சந்தோஷத்தை அசைக்காமல், தலையில் நிறைகுடம் வைத்தவள் மாதிரி நடந்து திரிந்தாள்.

ஒருநாள் மேசையில் தலையைச் சாய்த்தவள் கனவு கண்டாள். விறாந்தைக்குள் கடல் வந்திருந்தது. வாங்கின் கால்களைத் தொட்டுக்கொண்டு நின்றது, தெளிந்த தண்ணீர், அடியில் சீமெந்துத் தரையும் அதன்மேல் சின்னச் சின்ன மீன்களும் தெரிந்தன. நோயாளர்கள் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பொறுமையாக இருந்தார்கள். கடைசி வாங்கில் ஒரு சின்னப் பிள்ளை, ஆணா பெண்ணா என்று தெரியவில்லை, கால்களைத் தண்ணீருக்குள் ஆட்டிக்கொண்டிருந்தது. "உமக்கு ஆர் நம்பர் எடுத்தது?" என்று ஜெனீற்றா கேட்டாள். பிள்ளை, நீர்தானே சொல்லவேணும் என்பதுபோல அவளைப் பார்த்தது. முருகேசு ஐயா செருமினதில் முழித்துவிட்டாள். எழும்பின பிறகும் பாதங்கள் குளிர்ந்து கிடந்தன.

அன்றைக்குச் சொல்லிவிடலாம் என்றுதான் தேத்தண்ணியோடு உள்ளே போனாள். ஒவ்வொரு நாளும் அப்படித்தான் போவாள். எட்டாம் நம்பரின் நேரம் முழுவதும் டொக்டரும் அவளும் மட்டும். கதவு சாத்தியிருக்கும், ஜன்னல் நிறையக் கடல் இருக்கும். 'டொக்டர்' என்று தொடங்கினால் போதும். தொடங்குவாள். "டொக்டர்..." "ம்?" "சீனி போதுமோ?" "போதும்." அவ்வளவுதான். நாளைக்குச் சொல்லலாம், இன்னும் ஒரு நாள் அது தனக்கு மட்டும் இருக்கட்டும் என்று வெறுங்கோப்பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள். ஊருக்கெல்லாம் நம்பர் கொடுக்கிறவள், தனக்கு ஒரு வாய்ச்சொல் எடுக்க ஏலாமல் திரிந்தாள்.

பிறகு அந்தக் காலை வந்தது. கிணற்றடியில் வாளியைத் தூக்கினவளுக்கு நாரியில் ஒரு நோ இழுத்தது. வாளியைக் கீழே வைத்து, இடுப்புக்குப் பின்னால் கையைக் கொடுத்துக்கொண்டு நின்றாள். அந்த நோவை அவளுக்குத் தெரியும். போன இரண்டு முறையும் இப்படித்தான் தொடங்கியது. கிறிஸ்ரி வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வேலிப் படலையடியில் நின்றான். "என்ன?" என்றான். "ஒண்டுமில்லை, சுளுக்கு" என்றாள். அவன் கொஞ்சநேரம் நின்று பார்த்துவிட்டுக் கரைக்குப் போனான்.

டிஸ்பென்சரிக்கு வந்து கதிரையில் இருந்ததிலிருந்து ஜெனீற்றா அசையவே பயந்தாள். அனலைதீவுப் படகின் சனம் வந்து, நம்பர் வாங்கி, வாங்குகளை நிறைத்தது. அவள் நம்பர் துண்டுகளை நீட்டினாள், சிரித்தாள், காற்றில் பறந்த ஒரு துண்டை ஆரோ பொறுக்கித் தந்தார்கள். நோ வந்து வந்து போனது. சொல்லாமல் வைத்திருந்தும் போகப்போகிறதா? அப்படியென்றால் பிறகு என்னதான் செய்வது? மேசைக்குக் கீழே கையை வயிற்றில் வைத்துக்கொண்டு, போகாதை, போகாதை என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஏழாம் நம்பர் உள்ளே இருந்தபோது தொலைபேசி அடித்தது. கிறிஸ்ரியின் இலக்கம். அவன் டிஸ்பென்சரித் தொலைபேசிக்கு எடுப்பதே இல்லை. எஞ்சின் பழுதாகி நடுக்கடலில் நிற்கிறானோ என்று பதறிக்கொண்டு எடுத்தாள்.

"ஒரு நம்பர் வேணும்" என்றான். குரலுக்குப் பின்னால் காற்றும் எஞ்சினும் இரைந்தன.

"என்னப்பா விளையாட்டு? இஞ்சை சனம் நிக்குது."

"நம்பர் எடுக்கிற ஆக்களோடை இப்பிடியே கதைக்கிறனீர்? எழுதும்."

அவள் பேனையை எடுத்தாள். பழக்கதோஷம்தான். "பேர்?"

"ஜெனீற்றா."

பேனை நின்றது. வாங்கில் இருந்தவர்கள் அவளைப் பார்க்கவில்லை, காற்றைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். அவள் அடுத்த கேள்வியைக் கேட்டாள். "வயது?"

"உள்ளதைச் சொன்னால் ஏசுவா. நாப்பதுக்குக் கிட்ட எண்டு போடும்."

"என்ன வருத்தம்?"

எஞ்சின் சத்தம் தணிந்தது. அவன் வேகத்தைக் குறைத்திருக்கவேண்டும்.

"நித்திரையிலை வயித்தைப் பொத்திக்கொண்டு படுக்கிறா. திருக்கை மீன் கறி காய்ச்சினால் குசினிப் பக்கம் வாறேல்லை. தன்பாட்டிலை சிரிக்கிறா. கேட்டால் ஒண்டுமில்லை எண்டுறா. இண்டைக்குக் காலமை கிணத்தடியிலை நாரியைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவ. சுளுக்காம்."

ஜெனீற்றா தணிந்த அந்தக் குரலிலேயே, நம்பர் கொடுக்கிறவளாகவே கேட்டாள். "எவ்வளவு நாளா?"

"நான் அறிஞ்சு கனநாள். நானும் வாய் திறக்கேல்லை. போனமுறை ஒருத்தருக்கும் சொல்லவேண்டாம் எண்டு நீர் சொல்லியும், நான் சந்தோசப் புளுகத்திலை கரையெல்லாம் சொல்லித் திரிஞ்சனான். அதாலைதான் போச்சுதெண்டு இவ்வளவு நாளும்..." அவன் நிறுத்தினான். "வலை இறக்கேல்லை. மனம் அந்தரமாக் கிடந்தது. வள்ளத்தைத் திருப்பியிட்டன், துறைக்குத்தான் வாறன். நம்பரைத் தாரும்."

ஒரே வீட்டில், ஒரே பாயில், இரண்டு பேரும் ஒரே பயத்தை ஒருவருக்கொருவர் தெரியாமல் ஒளித்துவைத்துக்கொண்டு படுத்திருக்கிறார்கள்! ஜெனீற்றாவுக்கு அவன்மேல் கோபம் வந்தது, பிறகு தன்மேல் வந்தது, பிறகு இரண்டும் இல்லாமல் அழுகை வரப்பார்த்தது.

"எல்லா நம்பரும் முடிஞ்சுது" என்றாள். உண்மையும் அதுதான். "எட்டு மட்டும்தான் கிடக்கு."

"எட்டைத் தாரும். மற்ற நம்பரெல்லாம் எங்களுக்கு என்ன செய்து கிழிச்சது?"

உள்ளே மணி அடித்தது. ஏழாம் நம்பர், கையில் மருந்துப் பையோடு, வெளியே வந்தார். ஜெனீற்றா மேசையைப் பிடித்துக்கொண்டு எழும்பினாள். ஒன்பதாம் நம்பரான முருகேசு ஐயா அவளுடைய வெறுங்கையைப் பார்த்துவிட்டு, "பிள்ளை, தேத்தண்ணி?" என்று நினைவுபடுத்தினார். அவள் அப்படியே உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

டொக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கடலைப் பார்த்தபடி கையை நீட்டினார். கையில் ஒன்றும் வந்து சேரவில்லை. "தேத்தண்ணி எங்கை?"

"இண்டைக்கு எட்டாம் நம்பருக்கு ஆள் இருக்கு, டொக்டர்."

"ஆரப்பா அந்தத் துணிஞ்ச ஆள்? வரச்சொல்லும்."

ஜெனீற்றா கதவுப் பக்கம் போகவில்லை. நோயாளர் கதிரையை இழுத்து அதில் இருந்தாள். எத்தனையோ காலமாக அந்த அறைக்குள் வந்து போகிறாள், அந்தக் கதிரையிலிருந்து பார்த்தால் டொக்டரின் முகத்துக்குப் பின்னால் கடல் எழும்பி நிற்கும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. டொக்டர் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு அவளைப் பார்த்தார். ஜெனீற்றாவின் கை எழும்பி வயிற்றில் போய் இருந்தது.

"எவ்வளவு நாளா?" என்று டொக்டர் கேட்டார்.

ஊரில் இருக்கிற எல்லாரிடமும் அவள் கேட்கிற கேள்வி. அவளிடம் ஆரோ கேட்டுவிட்டார்கள். ஜெனீற்றா மேசையில் முகத்தைக் கவிழ்த்து, சின்னப்பிள்ளை மாதிரி விம்மி விம்மி அழுதாள். அழுகைக்கு நடுவில் மாதத்தைச் சொன்னாள், நாரி நோவைச் சொன்னாள். டொக்டர் எழும்பி வந்து அவளுடைய தலையில் கையை வைத்தார்.

"விசரி! ஒவ்வொரு நாளும் எனக்கு முன்னாலை வந்து நிண்டனீர். நானும் கடலைப் பாத்துக்கொண்டு தேத்தண்ணி குடிச்சிருக்கிறன்" என்றார். அவருடைய குரலும் சரியில்லை.

அவளைக் கட்டிலில் படுக்கவைத்தார். இரத்தம் பட்டதா என்று கேட்டார். இல்லை. வயிற்றில் குளிர்ந்த பசையைப் பூசி, கையடக்கமான ஒரு கருவியை வைத்து மெல்ல மெல்ல நகர்த்தினார். முதலில் இரைச்சல் மட்டும் வந்தது, வெளியே ஊதுகிற காற்றேதான் உள்ளேயும் ஊதுவதுபோல. டொக்டர் கருவியை இன்னும் கொஞ்சம் கீழே கொண்டுபோனார். ஜெனீற்றா கண்ணை மூடிக்கொண்டாள். இரைச்சல் விலகியது. அதற்கப்பால், வெகு தூரத்தில் வருகிற வள்ளத்தின் எஞ்சின் மாதிரி, விடாமல், அவசர அவசரமாக, ஒரு துடிப்பு கேட்டது.

"இருக்கு" என்றார் டொக்டர்.

இருவரும் கொஞ்சநேரம் அதையே கேட்டுக்கொண்டிருந்தார்கள். போன இரண்டு முறையும் இந்தச் சத்தத்தைக் கேட்கிற அளவுக்கு அவர்கள் வந்து சேரவில்லை.

"கேட்டிட்டம் எண்டதுக்காக எல்லாம் சரி எண்டில்லை" என்று டொக்டர் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "நாரி நோ நல்லதில்லை. இப்ப ஒரு ஊசி போடுறன். இண்டைக்கே யாழ்ப்பாணம் போய் ஆஸ்பத்திரியிலை சேர்ந்து படும். நான் கதைச்சுவிடுறன். என்னாலை சத்தியம் பண்ண ஏலாது, ஜெனீற்றா. ஆனா இனி ஒளிக்காதேயும். ஒளிச்சு வைச்சால் நான் ஆருக்கு மருந்து குடுக்கிறது?"

ஜெனீற்றா வெளியே வந்தபோது மேசையில் தொலைபேசி அடித்துக்கொண்டிருந்தது. வாங்குகளில் ஒருவரும் கதைக்கவில்லை. அவளுடைய அழுகை கதவுக்கு வெளியிலும் கேட்டிருக்கவேண்டும். என்ன நடந்தது என்று கேட்க எல்லாருக்கும் நாக்குத் துடித்தது, கேட்கத் துணிச்சல் இல்லை. அவள் நின்றபடியே எடுத்தாள்.

நயினாதீவிலிருந்து ஒரு பெண். முன்பின் கேளாத குரல். மாமிக்கு முழங்கால் வீக்கமாம், நாளைக்கு ஒரு நம்பர் வேண்டுமாம். அங்கேயும் காற்று இரைந்தது.

"நாளைக்கு நான் இருக்கமாட்டன் அக்கா" என்றாள் ஜெனீற்றா. "டொக்டர் இருப்பா. நீங்கள் நேரை மாமியைக் கூட்டிக்கொண்டு வாங்கோ."

"ஏன் பிள்ளை, உமக்கென்ன?"

ஒண்டுமில்லை என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. எத்தனை நாள் பழகின சொல்! நாரியில் நோ இன்னும் இருந்தது. படலையைத் தள்ளிக்கொண்டு கிறிஸ்ரி ஓடிவந்தான், கட்டின சாரம் முழங்கால்வரை நனைந்து, மூச்சு வாங்கி, விறாந்தைப் படியில் கால் வைத்ததும் அவளுடைய முகத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டான். இப்போது சொன்னால் போய்விடுமா என்று அவளுக்குத் தெரியாது. டொக்டருக்கும் தெரியாது.

"எனக்குப் பிள்ளை கிடைக்கப்போகுது அக்கா" என்றாள்.

மறுமுனையில் காற்று மட்டும் இரைந்தது.

"என்ன பிள்ளை? காத்துக்கு ஒண்டும் கேக்கேல்லை. இன்னொருக்காச் சொல்லும்."

ஜெனீற்றா இன்னொருக்காச் சொன்னாள், வாங்கில் இருந்த அவ்வளவு பேருக்கும் கேட்கும்படியாக, கோழியைத் துரத்துகிற குரலில்.